இடது பக்கக் காலிப்பர் என்று ஒன்று இல்லை

மார்ச் மாதம், ஒரு சனிக்கிழமை மாலை. மழை விட்டு ஒரு மணி நேரம்தான் ஆகியிருந்தது, ஆனாலும் பல்கலைக்கழகக் கார் நிறுத்துமிடத்தின் தரை நன்றாகவே காய்ந்துவிட்டது. எங்கள் அணியின் ஓட்டுநர்களில் எடை குறைந்தவள் நான், 49 கிலோ. காரின் பிரேக்கைக் கணக்குப் போட்டவளும் நான்தான். 60 கிலோமீட்டர் வேகம் வந்ததும் பெடலை என்னால் முடிந்தவரை மிதித்தேன். கார் நேராக வந்து நின்றது. ஆனால் தரையில் ஒரு கோடுகூட விழவில்லை. நான்கு டயர்களில் ஒன்றும் லாக் ஆகவில்லை, அதாவது சுழல்வதை நிறுத்தித் தரையில் வழுக்கவில்லை.

விஷயம் தெரியாதவர்களுக்கு: ஃபார்முலா எஸ்ஏஇ என்பது மாணவர்களே வடிவமைத்துக் கட்டும் சிறிய பந்தயக் கார்களுக்கான போட்டி. நாங்கள் மே மாதம் மிச்சிகனில் நடக்கும் போட்டிக்குத் தயாராகிக்கொண்டிருந்தோம். அங்கே கார் ஓட வேண்டுமானால் முதலில் பிரேக் சோதனையில் தேற வேண்டும். வேகமெடுத்து வந்து பெடலை மிதித்தால் நான்கு சக்கரங்களும் லாக் ஆக வேண்டும், கார் நேர்கோட்டில் நிற்க வேண்டும், எஞ்சின் அணையக் கூடாது. இதில் தேறாத காரால் 22 கிலோமீட்டர் எண்டியூரன்ஸ் உட்பட எந்த ஓட்டத்திலும் இறங்க முடியாது. ஒரு வருட உழைப்பு பெட்டிக்குள் போய், கடல் தாண்டி, அப்படியே திரும்பி வந்துவிடும்.

அந்த மாலைக்கும் கார் பெட்டிக்குள் போன நாளுக்கும் இடையே ஐந்து வாரம் இருந்தது. அந்த ஐந்து வாரத்தில் கற்றதை எழுதுகிறேன். சிங்கப்பூரிலோ ஊரிலோ இதே வேலையில் இறங்கும் தம்பி தங்கைகள், நாங்கள் விட்ட இடங்களை விடாமல் இருந்தால் போதும்.

முதலில், தேர்வு. காலிப்பர் என்பது சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கை இரு பக்கமும் பேடுகளால் இறுக்கிப் பிடிக்கும் பாகம். புதிதாகச் சேர்பவர்கள் எல்லாரும் காலிப்பர் பட்டியலைத்தான் முதலில் திறக்கிறார்கள். வில்வுட், ஐஎஸ்ஆர், ஏபி ரேசிங், பிரெம்போ என்று படங்களைப் பார்த்து, எடையை ஒப்பிட்டு, ஒன்றின் மேல் ஆசை வைத்துவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். தொடங்க வேண்டிய இடம் டயர். தரையைப் பிடிப்பது டயர் மட்டும்தான். டயர் தாங்குகிற விசைக்கு மேல் காலிப்பர் எவ்வளவு இறுக்கினாலும் சக்கரம் லாக் ஆவதைத் தவிர வேறொன்றும் நடக்காது.

எங்கள் கார் ஓட்டுநரோடு சேர்த்து 290 கிலோ. வீல்பேஸ், அதாவது முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைத்தூரம், 1,550 மி.மீ., புவியீர்ப்பு மையம் தரையிலிருந்து 280 மி.மீ. உயரத்தில். நிற்கும்போது முன் சக்கரங்களின் மேல் 47 விழுக்காடு எடை. டயரின் உராய்வுக் கெழுவை 1.5 என்று வைத்தோம். அப்படியானால் புவியீர்ப்பின் ஒன்றரை மடங்கு அளவுக்கு வேகம் குறையும், அந்தக் கணத்தில் சுமார் 79 கிலோ எடை பின்னாலிருந்து முன்னால் சாயும். முன் சக்கரங்களில் 215 கிலோ, பின் சக்கரங்களில் வெறும் 75 கிலோ. டயரின் ஆரம் 225 மி.மீ. ஆக, ஒரு முன் சக்கரத்தை லாக் செய்யச் சுமார் 356 நியூட்டன் மீட்டர் திருப்புவிசை வேண்டும், பின் சக்கரத்துக்கு 124 போதும். முன்னும் பின்னும் ஒரே காலிப்பரைப் போடுவது ஏன் வீண் என்பதை இந்த இரண்டு எண்களே சொல்லிவிடும்.

அதன் பிறகுதான் டிஸ்க். எங்கள் ரிம் 10 அங்குலம். அதற்குள் சக்கரம் மாட்டும் ஹப், அதைத் தாங்கும் அப்ரைட், காலிப்பர் எல்லாம் அடங்க வேண்டும் என்பதால் டிஸ்க்கின் விட்டம் சுமார் 180 மி.மீ.யைத் தாண்ட முடியவில்லை. பேட் அழுத்தும் இடத்தின் சராசரி ஆரம் 75 மி.மீ. பேடின் உராய்வுக் கெழு 0.45 என்று கொண்டால், முன் டிஸ்க்கை ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் சுமார் 5,270 நியூட்டன் விசையால் இறுக்க வேண்டும். காலிப்பரிடம் கேட்க வேண்டிய கேள்வி இது ஒன்றுதான்: இந்த விசையைத் தர உனக்கு எத்தனை பார் அழுத்தம் வேண்டும்?

பக்கத்துக்கு இரண்டாக 25 மி.மீ. பிஸ்டன் நான்கு உள்ள காலிப்பருக்கு 54 பார். பக்கத்துக்கு ஒன்றாக 25 மி.மீ. பிஸ்டன் இரண்டு உள்ளதற்கு 107 பார். அதே இரண்டு பிஸ்டன் ஒன்றேகால் அங்குலமாக இருந்தால் 67 பார். 107 பாரில் குழாய், சீல், காலிப்பரின் உடம்பு எல்லாமே கூடுதலாக வளையும், பெடல் கல் மாதிரி இருக்காது. எனவே முன்னால் நான்கு பிஸ்டன், பின்னால் 25 மி.மீ. இரண்டு பிஸ்டன் என்று முடிவு செய்தோம். பின்னால் 37 பார் போதும். இந்த முடிவை இன்றும் மாற்ற மாட்டேன். வாங்கும் முன் இன்னும் இரண்டைப் பார்த்துவிடுங்கள்: அந்தக் காலிப்பர் எந்தத் தடிமன் டிஸ்க்குக்காகச் செய்யப்பட்டது, அதன் பேடும் சீலும் இரண்டு வாரத்தில் சிங்கப்பூர் வந்து சேருமா. இரண்டாவது கேள்விக்கு விடை இல்லையென்றால் எவ்வளவு அழகான காலிப்பராக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

இனி, தவறு நடந்த இடம்.

நான் போட்டிருந்த விரிதாளில் முன் காலிப்பருக்குத் தேவையான அழுத்தம் 54 பார் அல்ல, 27 பார். அதை நம்பித்தான், பெடல் கொஞ்ச தூரமே போகட்டும், கெட்டியாக இருக்கட்டும் என்று முக்கால் அங்குல மாஸ்டர் சிலிண்டர் வாங்கினோம். பெடலை மிதித்தால் பிரேக் எண்ணெயைக் காலிப்பருக்குத் தள்ளும் உருளை அது. பெடல் விகிதம் நான்குக்கு ஒன்று, அதாவது கால் விசை நான்கு மடங்காகச் சிலிண்டருக்குப் போகும். ஓட்டுநர் 33 கிலோ விசையில் மிதித்தால் நான்கு சக்கரமும் லாக் ஆகும் என்று விரிதாள் சொன்னது. அன்று மாலை நான் மிதித்தது அதைவிடக் கூடுதல் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை, தொடை நடுங்கிக்கொண்டிருந்தது.

பேட் சரியில்லை, டயர் சூடாகவில்லை, தரை ஈரம் என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். அளந்து பார்த்துவிடலாம் என்றேன். மூக்குப் பகுதியைக் கழற்றி, பயணப்பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசைப் பெடலில் மாட்டி முன்னோக்கி இழுத்தோம். முன் காலிப்பரில் எண்ணெயில் சேரும் காற்றை வெளியேற்றும் பிளீடர் நிப்பிள் இருந்த துளையில் ஓர் அழுத்தமானி. தராசு 33 கிலோ காட்டியபோது மானி 27 பார் காட்டியது. விரிதாளில் இருந்த அதே எண். அதாவது பெடலிலிருந்து காலிப்பர் வரை கணக்கு சரி. பிழை காலிப்பருக்கு அப்பால்.

அடுத்து, ஹப்பில் ஓர் இரும்புப் பட்டையை போல்ட் போட்டு இறுக்கி, அதை டார்க் ரென்ச்சால் திருப்பினோம். 27 பார் அழுத்தத்தில் 356 நியூட்டன் மீட்டர் வரை டிஸ்க் அசையக் கூடாது. 170ஐத் தொடும் முன்பே நழுவிவிட்டது. பாதிக்கும் கீழே. பேட் குளிர்ந்திருந்ததற்குக் கொஞ்சம் கழித்தாலும் இது பேடின் குறை மட்டும் அல்ல என்பது தெரிந்தது. ஏறக்குறையப் பாதி என்றால் எங்கோ ஓர் இரண்டு கூடுதலாக இருக்கிறது.

இருந்தது. இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே ஒரு புத்தகத்தை வைத்து அழுத்திப் பாருங்கள். இடக்கை 10 கிலோ தள்ளுகிறது, வலக்கை 10 கிலோ தள்ளுகிறது. புத்தகத்தின் மேல் இறுக்கம் 10 கிலோதான், 20 அல்ல. ஒரு கை தள்ளுவதற்கு மறுகை கொடுக்கும் பதில்தான் மற்றது. ஆனால் புத்தகத்துக்கு அட்டை இரண்டு, உராய்வு இரண்டிலும் உண்டு. எனவே ஒரு பக்கப் பிஸ்டன்களின் பரப்பை மட்டும் எடுத்து, உராய்வை இரண்டால் பெருக்க வேண்டும். நான் நான்கு பிஸ்டன்களின் பரப்பையும் கூட்டி, அதன் பிறகும் இரண்டால் பெருக்கியிருந்தேன். மூன்று பேர் சரிபார்த்த விரிதாள் அது. மூவரும் எண்களைச் சரிபார்த்தோமே தவிர, அந்த இரண்டு எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை.

உண்மையில் தேவைப்பட்ட பெடல் விசை 66 கிலோ. குளிர்ந்த, பழகாத பேடின் உராய்வுக் கெழு 0.3க்கு இறங்கினால் அதுவே 99 கிலோ. 49 கிலோ ஆளால் அந்த விசையைத் தர முடியவில்லை.

மாஸ்டர் சிலிண்டரை 5/8 அங்குலத்துக்கு மாற்றினோம். பரப்பு குறைந்தால் அதே கால் விசையில் அழுத்தம் ஏறும், 66 கிலோ 46 கிலோவாக இறங்கியது. ஆனால் எண்ணெயின் கணக்கும் உண்டே. சிறிய சிலிண்டர் அதே அளவு எண்ணெயைத் தள்ள 1.44 மடங்கு தூரம் போக வேண்டும். முன்னால் எட்டுப் பிஸ்டன்களும் கால் மில்லிமீட்டர் வீதம் நகர்ந்தால் சிலிண்டருக்குள் 5 மி.மீ., பெடலில் 20 மி.மீ. அது தாங்கக்கூடியதே. எங்கள் பெடல் அதைத் தாண்டி உள்ளே போய்க்கொண்டே இருந்தது, ஓவர்டிராவல் சுவிட்ச்சைத் தட்டி எஞ்சினையே நிறுத்தியது. பிரேக் செயலிழந்தால் பெடல் ஆழமாகப் போகும் என்பதால் வைக்கப்படும் பாதுகாப்பு சுவிட்ச் அது. அதைக் குறை சொல்ல முடியாது. எண்ணெயில் காற்று சிக்கியிருக்கும் என்று நான்கு இரவு ஏர் எடுத்தோம். எடுத்துவிட்டு மிதித்தால் பஞ்சு மாதிரி.

காரணத்தைக் கண்டுபிடித்தவர் காக்கி புக்கிட்டில் ஒரு சிறிய மெஷின் ஷாப்பில் வேலை செய்யும் அண்ணன் ஒருவர். எங்கள் பிராக்கெட்டுகளை மில்லிங் செய்து தந்தவர். பட்டுக்கோட்டைப் பக்கம். இங்கே வரும் முன் ஊரில் டூவீலர் மெக்கானிக் கடை வைத்திருந்தவர். நான் போனது வேறு ஒரு வேலைக்கு. இடது முன் அப்ரைட்டை காலிப்பரோடு அப்படியே பையில் போட்டு எடுத்துப் போயிருந்தேன். அவர் அதை வாங்கி, கையில் எடையைப் பார்ப்பது போல ஒரு முறை தூக்கி, மேசை மேல் நிமிர்த்தி வைத்தார்.

“தங்கச்சி, இது எந்தப் பக்கம்?”

“இடது பக்கம்ண்ணே.”

“வலது பக்கம் பிராக்கெட் இதோட கண்ணாடி மாதிரி செஞ்சு குடுத்தேன்ல?”

“ஆமாண்ணே. சாலிட்வொர்க்ஸ்ல மிரர் பண்ணிட்டோம்.”

“பிராக்கெட்ட மிரர் பண்ணலாம்மா. காலிப்பர எப்படி மிரர் பண்ணுவ? அது கடையில வாங்குறதுல்ல?”

எனக்கு உடனே புரியவில்லை. அவர் எண்ணெய்க் கறை படிந்த சுட்டுவிரலைக் காலிப்பரின் அடியில் வைத்தார். பிளீடர் நிப்பிள் அங்கே இருந்தது, தரையைப் பார்த்து. “நிப்பிள் கீழ போயிருச்சு பாரு. ஏர் மேலதான நிக்கும்? நீ எவ்ளோ பம்ப் பண்ணாலும் ஆயில்தான் வரும், ஏர் வராது.”

சாலிட்வொர்க்ஸ் என்பது நாங்கள் வரையும் கணினி மென்பொருள். திரையில் இருந்த மாடலில் வலது காலிப்பரின் நிப்பிள் மேலே இருந்தது. மிரர் கட்டளை கொடுத்ததும் இடது காலிப்பரின் நிப்பிளும் மேலேயே வந்தது. ஆனால் கணினி உருவாக்கிய அந்த இடது காலிப்பர் உலகத்தில் எங்கேயும் இல்லை. நாங்கள் வாங்கியவை இரண்டும் ஒரே பொருள். ஒன்றை இடது பக்கம் அச்சுக்குப் பின்னால் பொருத்த வேண்டுமென்றால் தலைகீழாகத் திருப்பித்தான் பொருத்த முடியும். கையில் பொருத்தியபோது அது போல்ட் துளைகளில் ஒழுங்காக உட்கார்ந்துவிட்டதால் யாருக்கும் உறுத்தவில்லை. முக்கால் அங்குல சிலிண்டர் இருந்தவரை அந்தக் காற்று பெடலில் பெரிதாகத் தெரியவில்லை. சிலிண்டரைச் சிறியதாக்கியதும் தெரிந்தது. எவ்வளவு காற்று வேண்டும் தெரியுமா? ஒரு கன சென்டிமீட்டர், ஊறிய கொண்டைக்கடலை ஒன்றின் அளவு. 54 பாரில் அது ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் சுருங்கிவிடும். அந்த இடத்தை நிரப்பச் சிலிண்டருக்குள் 5 மி.மீ., பெடலில் இன்னொரு 20 மி.மீ. போய்விடும்.

சரியான தீர்வு, இடது காலிப்பரை அச்சுக்கு முன்னால் பொருத்துவது. அப்போது நிப்பிள் தானாக மேலே வரும். எங்களுக்கு அங்கே சக்கரத்தைத் திருப்பும் டை ராட் குறுக்கே வந்தது. ஆகவே அண்ணன் சொன்ன வழி: ஏர் எடுக்கும்போது மட்டும் காலிப்பரைக் கழற்றி, பேடுகளுக்கு நடுவே டிஸ்க்கின் தடிமனுக்கு ஒரு மரக்கட்டையைச் செருகி, நிப்பிள் வானத்தைப் பார்க்க ஒருவர் கையில் பிடித்துக்கொள்ள வேண்டும். கட்டையை மறந்து பெடலை மிதித்தால் பிஸ்டன் வெளியே வந்து விழுந்துவிடும், கவனம். அன்று இரவு அப்படிச் செய்தோம். நிப்பிளில் மாட்டிய குழாயில் முதல் இரண்டு மிதிக்கு எண்ணெய்தான் வந்தது. மூன்றாவது மிதியில் வெள்ளையாக நுரைத்துக்கொண்டு குமிழிகள் வந்தன, வந்துகொண்டே இருந்தன. பிடித்திருந்த மலாய்க்காரத் தோழி ஒன்றுமே பேசாமல் என்னைப் பார்த்தாள். அடுத்த மிதிக்குப் பெடல் கல் மாதிரி நின்றது.

மாடலிங் பற்றி இனி சொல்வதெல்லாம் அந்த இரவுக்குப் பிறகு நான் பழகிக்கொண்டவை. வாங்கிய பொருளின் மாடலுக்கு மிரர் கட்டளை கொடுக்காதீர்கள். இன்னொரு முறை செருகி, கையால் திருப்பிப் பொருத்துங்கள். மாடலில் நிப்பிள், ஹோஸ், அதைக் காலிப்பரில் இணைக்கும் பேன்ஜோ போல்ட் மூன்றும் இருக்க வேண்டும். காலிப்பரின் உடம்பு மட்டும் ரிம்முக்குள் அடங்கினால் போதாது. ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் கடைசி வரை திருப்பி, ஹோஸ் எங்கே இழுபடுகிறது என்று பாருங்கள். நிப்பிளில் மாட்டும் ஸ்பேனரையும் வரைந்து வைத்துக் கால் சுற்று சுழற்றிப் பாருங்கள். ரிம்மின் உட்பக்கம் வார்ப்பு மேற்பரப்பு, படத்தில் உள்ளது போல வழுவழுப்பாக இருக்காது. சக்கரத்தைச் சமன்செய்ய ஒட்டும் எடைத்துண்டுகளும் அங்கேதான் வரும். நாங்கள் காலிப்பரை முப்பரிமாண அச்சில் பிளாஸ்டிக்காக எடுத்து, உண்மையான ரிம்முக்குள் பொருத்திச் சுற்றிப் பார்த்தோம். சில வெள்ளி செலவு, ஓர் இரவு அச்சு நேரம். எங்கள் வேலைகளிலேயே நல்ல வேலை அதுதான் என்பேன்.

வலிமைக் கணக்கைப் பொறுத்தவரை, நாங்கள் முதலில் செய்த ஆய்வில் போல்ட் துளைகளை அசையாதவை என்று பூட்டிவிட்டு, காலிப்பரை விரிக்கும் விசையை மட்டும் கொடுத்தோம். திரையில் எல்லாம் நீலமாக, அதாவது பயமில்லை என்று, வந்தது. உண்மையில் துளைகள் பிராக்கெட்டில் இருக்கின்றன, பிராக்கெட் அப்ரைட்டில் இருக்கிறது, இரண்டும் வளையும். அதோடு டிஸ்க் பேடைத் தன்னோடு இழுத்துக்கொண்டு போகப் பார்க்கும். அந்த இழுவிசை முழுவதும் பிராக்கெட்டின் மேல்தான் விழுகிறது. டயல் கேஜ் வைத்து அளந்தபோது பிராக்கெட் நாங்கள் கணித்ததைப் போல மூன்று மடங்கு அசைந்தது. அப்ரைட்டையும் சேர்த்து, இழுவிசையையும் கொடுத்து மறுபடி ஓட்டியதும் எண்கள் நெருங்கி வந்தன. அழுத்தத்தையும் 54 பாரோடு நிறுத்தாதீர்கள். விதிப்படி பெடல் 2,000 நியூட்டன் விசையைத் தாங்க வேண்டும். பயத்தில் மிதிக்கும் கால் அந்த அளவுக்குப் போனால் எங்கள் காரில் முன் அழுத்தம் 240 பாரை நெருங்கும்.

சொந்தமாகக் காலிப்பர் செய்யும் ஆசை எங்கள் அணியிலும் உண்டு. அண்ணனிடம் கேட்டேன். அவர் ஒரு பழைய பைக் காலிப்பரைப் பிரித்து, சீல் உட்காரும் பள்ளத்தை நகத்தால் தடவிப் பார்க்கச் சொன்னார். பள்ளத்தின் அடி சமமாக இல்லை, லேசாகச் சாய்ந்திருந்தது. மிதிக்கும்போது சதுர சீல் பிஸ்டனோடு சேர்ந்து முறுக்கிக்கொள்ளும், விட்டதும் நிமிர்ந்து பிஸ்டனை ஒரு மயிரிழை பின்னுக்கு இழுக்கும். அந்தச் சாய்வு சரியாக இல்லையென்றால் பேட் எப்போதும் டிஸ்க்கை உரசிக்கொண்டே இருக்கும், அல்லது பெடல் நீளும். “இத அளக்குறதுக்கே தனி டூல் வேணும்மா,” என்றார். அந்த வருடம் அந்த ஆசையை ஒதுக்கி வைத்தோம்.

பிரேக் ஆயில் பற்றி ஒரு வரி, குறிப்பாக நம் ஊர் ஈரக்காற்றுக்கு. டாட் 4 எண்ணெய் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் உறிஞ்சிய பிறகு அந்த அளவு 155 டிகிரிதான். பட்டறை அலமாரியில் எப்போதோ திறந்து வைத்த பாட்டிலை யோசிக்காமல் கழித்துவிட்டு, சின்ன பாட்டிலாக வாங்கித் திறந்த அன்றே தீர்த்துவிடுங்கள்.

ஏப்ரலில் மறுபடியும் அதே கார் நிறுத்துமிடம். இந்த முறை முதலிலேயே பேடைப் பழக்கினோம்: 30 கிலோமீட்டரில் தொடங்கி வேகத்தை ஏற்றி ஏற்றி, மெல்லத் தொடங்கி வர வர அழுத்தமாக, இருபத்தைந்து முறை நிறுத்தம். டிஸ்க்கின் மேல் சாம்பல் நிறத்தில் சீரான படலம் வந்ததும், ஆறவிட்டு, 60க்குக் கொண்டுபோய் மிதித்தேன். முன் சக்கரங்கள் முதலில் லாக் ஆயின, கண் இமைக்கும் நேரத்தில் பின்னவையும். அதுதான் வேண்டிய வரிசை. பின்னது முதலில் லாக் ஆனால் கார் சுழன்றுவிடும். கால் விசையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கும் பேலன்ஸ் பாரை அரைச் சுற்று மட்டும் திருத்தினோம். தரையில் நான்கு கறுப்புக் கோடுகள். எங்கள் அணித்தலைவன் மண்டியிட்டு அவற்றை நாடாவால் அளந்துகொண்டிருந்தான்.

அந்தக் காணொளியை அன்று இரவே அண்ணனுக்கு அனுப்பினேன். ஞாயிற்றுக்கிழமை தேக்காவிலிருந்து பதில் குரலில் வந்தது, பின்னால் கூட்டத்தின் இரைச்சல். “சூப்பர்ம்மா. பேட கழட்டிப் பாத்தியா? உள்பேடும் வெளிபேடும் ஒரே மாதிரி தேஞ்சிருக்கா?”

பார்க்கவில்லை. திங்கட்கிழமை கழற்றி அளந்தோம். இடது முன் சக்கரத்தில் உள்பேட் அரை மில்லிமீட்டர் கூடுதலாகத் தேய்ந்திருந்தது. டிஸ்க்கைத் தாங்கும் பாபின்களில் பேட் தூளும் துருவும் அடைத்து, டிஸ்க் பக்கவாட்டில் நகர முடியாமல் நின்றிருக்கிறது. பாபின்களைக் கழற்றித் தேய்த்துத் துடைத்து, விரலால் தள்ளினால் டிஸ்க் இரண்டு பக்கமும் லேசாக ஆடுகிறதா என்று பார்த்துவிட்டு மாட்டினோம். அடுத்த புதன்கிழமை கார் பெட்டிக்குள் போனது.